‘உன் இஷ்டம்’ என்று சொல்லிவிட்டு அம்மாவைத் தூது அனுப்புகிறவனுக்கு

கதிர்,

அன்புள்ள என்று தொடங்கவில்லை. அன்பு இருக்கிறது, அது எங்கேயும் ஓடிப் போய்விடாது. இன்றைக்குக் கொஞ்சம் தள்ளி உட்காரட்டும். திங்கட்கிழமை நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜைக் கேட்டேன். அப்பா காதிலும் விழட்டும் என்று சத்தமாக வைத்து மறுபடியும் கேட்டேன். “அம்மா, தாரிணிக்குத் துவாஸ் போர்ட்ல ஷிப்ட் இன்சார்ஜ் போஸ்ட் குடுக்கிறாங்களாம். வெள்ளிக்கிழமைக்குள்ள ஆன்ஸர் சொல்லணும். நைட் ஷிப்ட்லாம் இருக்கு மா. பாப்பாவுக்கு ரெண்டு வயசுதான் ஆகுது. நான் சொன்னா சண்டை வரும். நீங்க ஒரு வார்த்தை சொன்னா அவ கேப்பா.” அப்புறம் ஒரு சின்ன இருமல். அப்புறம், “அவ போயே ஆகணும்னா நீங்க வந்து எங்க வீட்ல இருங்க. ரெண்டுல ஒண்ணு மா, ப்ளீஸ்.”

போனிலேயே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் “ஐ நோ மா, ஐ நோ” என்பாய். உனக்கு எல்லாம் தெரியும், நான் பேச்சை நிறுத்தினால் போதும். அதனால்தான் தமிழில் எழுதுகிறேன். பள்ளிக்கூடத்தோடு தமிழ் படிப்பதை விட்டுவிட்டாய், எழுத்துக் கூட்டித்தான் இதைப் படித்தாக வேண்டும். மேலோட்டமாக ஓட்டிவிட உன்னால் முடியாது. நல்லது. இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இதைப் படம் பிடித்து நம் குடும்ப குரூப்பிலும் போடப் போகிறேன். உன் அத்தை, பெரியப்பா, அவர்கள் வீட்டு மருமகள்கள் எல்லோரும் படிக்கட்டும். ஏன் அவர்களும் படிக்க வேண்டும் என்பது போகப் போகத் தெரியும்.

முதலில் பதில். தாரிணியிடம் அந்த ஒரு வார்த்தையை நான் சொல்ல மாட்டேன். உன் வீட்டுக்கு வந்து தங்கவும் மாட்டேன். ரெண்டில் ஒன்று என்று கேட்டாய், ரெண்டும் கிடையாது. கோபம் வந்தால் வரட்டும். ஒரு கோப்பி கலந்து குடித்துவிட்டு மேலே படி.

நீ அவளைப் போகாதே என்று சொல்லவில்லை, அது எனக்குத் தெரியும். அப்படிச் சொல்கிற ஆள் இல்லை நீ. “உன் இஷ்டம்” என்று சொல்லியிருக்கிறாய். சொல்லிவிட்டு, படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு எனக்கு மெசேஜ் அனுப்பியிருக்கிறாய். இந்த ‘உன் இஷ்டம்’ நம் வீட்டில் புதிதாக முளைத்ததில்லை. நீ பிரைமரி டூ படித்துக்கொண்டிருந்த சமயம் ஒருநாள் அது எனக்கும் கிடைத்தது. சிராங்கூன் ரோட்டு நகைக்கடையில் நான் கவுண்ட்டரில் நின்று பல வருஷம் ஆகியிருந்தது. முதலாளி அதே தெருவில் இன்னொரு கடை திறக்கப் போகிறார். என்னைக் கூப்பிட்டார். “ஏம்மா, புதுக் கடையை நீதான் பாத்துக்கணும். உன்கூட நிக்கற சேகருக்குக் கல்யாணச் செட்டு எடுத்துக் காட்டவே இன்னும் வரல. உன்னைத்தான் நான் நம்பறேன்” என்றார். ரயிலில் வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் எனக்குக் கால் தரையில் படவில்லை. ஒரு கடையின் சாவி என் கைப்பைக்குள் கிடந்து குலுங்குவதை அப்போதே கேட்டுவிட்டேன்.

வீட்டுக்கு வந்தேன். அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். சோற்றில் ரசத்தை ஊற்றிக்கொண்டே, “உன் இஷ்டம் மா” என்றார். அவ்வளவுதான். கோபமாகச் சொல்லவில்லை, முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை, அப்பளம் கேட்டார். அன்றைக்குப் படுத்தபடி யோசித்தேன். உன்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து யார் கூட்டி வருவது? நான். சாயங்காலம் யார் சமைப்பது? நான். உனக்குக் காய்ச்சல் வந்தால் லீவு போடுவது யார்? நான். ராத்திரி கடை மூடும் வரைக்கும் நின்று சாவியை எடுத்துக்கொண்டு வருவது யார்? அதுவும் நான். உன் இஷ்டம் என்று எனக்குக் கொடுத்தார்களே, அதற்கு உள்ளே இருந்தது இதுதான்: நீ எங்கே வேண்டுமானாலும் போ, ஆனால் நான் இருக்கிற இடத்திலிருந்து ஓர் அடி நகர மாட்டேன். என் ரசம் இதே நேரத்துக்கு இதே சூட்டில் வர வேண்டும். பிள்ளை எப்படியோ வீடு வந்து சேர வேண்டும். அதெல்லாம் போக மிச்சம் ஏதாவது இருந்தால் அதில் உன் இஷ்டம். மறுநாள் முதலாளியிடம் போய் முடியாது என்று சொன்னேன். சேகருக்கு அந்தக் கடை போயிற்று. நான் எடை பார்க்கச் சொல்லிக் கொடுத்த பையன். இன்றைக்குச் சொந்தக் கடை வைத்திருக்கிறான், பார்த்தால் “அக்கா, வாங்க வாங்க” என்று எழுந்து நிற்கிறான். அவன் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவனுடைய வீட்டில் அன்றைக்கு அவனிடம் யாரும் சாப்பாட்டுக்கு என்ன செய்வாய் என்று கேட்டிருக்க மாட்டார்கள்.

வேடிக்கை என்னவென்றால், இந்தக் கதை தெரிந்த எல்லோரும் என்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டார்கள். “புருஷன் உன் இஷ்டம்னு விட்டுட்டாராமே, குடுத்து வச்சவ நீ” என்று உன் அத்தை சொன்னாள். குடுத்து வச்சவ! இந்தப் பட்டத்தை நான் வாங்காத வருஷமே இல்லை. அப்பா ஞாயிற்றுக்கிழமை டீ போடுவார், உனக்கு ஞாபகம் இருக்கும். வாரத்துக்கு ஒரு தடவை போடுகிற அந்த டீ நம் பிளாக் முழுக்கப் பிரசித்தம். வாசலில் துணி காயப்போடுகிற பக்கத்து வீட்டு மல்லிகா, “ஐயோ, அண்ணன் டீயெல்லாம் போடறாரா! குடுத்து வச்சவ லா நீ” என்பாள். மிச்ச நாளெல்லாம் காலையில் எழுந்து டீ போட்டது நான்தான். அதைப் பார்த்து அப்பாவிடம் யாரும் “குடுத்து வச்சவர் லா நீங்க” என்று சொல்லி நான் கேட்டதில்லை. ஆண்களுக்கும் அந்த வார்த்தையைச் சொல்வார்கள், இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். நல்ல வேலை கிடைத்தால் சொல்வார்கள், பிள்ளை நன்றாகப் படித்தால் சொல்வார்கள். பெண்டாட்டி தன் சட்டையைத் துவைத்துப் போட்டதற்காக ஒருவனையும் யாரும் கொடுத்து வைத்தவன் என்று சொன்னதில்லை. போன ஜென்மத்தில் நான் என்னத்தைக் கொடுத்து வைத்தேன் என்று எனக்குத் தெரியாது. இந்த ஜென்மத்தில் கொடுத்ததெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும்.

போன மாதம் நீ உன் மகள் யாழினிக்கு ரெட்டைப் பின்னல் போடுகிற படத்தைத் தாரிணி குரூப்பில் போட்டாள். நல்ல படம். பின்னல் ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கி இருந்தாலும் நல்ல படம். அதற்கு எத்தனை இதயம், எத்தனை கைதட்டல்! அத்தை எழுதினாள், “தாரிணி குடுத்து வச்சவ.” பெரியப்பா எழுதினார், “என் தம்பி மகன் தங்கம்.” நீயும் கை கூப்பி ஒரு படம் போட்டாய். அதே தாரிணி மற்ற நாளெல்லாம் அதே பிள்ளைக்குப் பின்னல் போடுகிறாள், அதை யாராவது படம் எடுத்தீர்களா? அடுப்பில் சோறு வேகிறதைப் படம் எடுப்பார்களா யாராவது? அவள் செய்தால் அது பொழுது விடிந்தது மாதிரி, நீ செய்தால் அதற்கு ஊரே கூடி ஆரத்தி எடுக்கிறது. மெசேஜில் நீ சொன்னாயே, “நான் ஹெல்ப் பண்ணலேன்னு யாரும் சொல்ல முடியாது மா” என்று. சொல்ல முடியாதுதான். ஆனால் யாருடைய வேலையில் யாருக்கு ஹெல்ப் பண்ணினாய், கதிர்? உன் பிள்ளையின் தலையை நீ வாருவது ஹெல்ப் என்றால், அந்தப் பிள்ளை யாருடையது?

இந்த இடத்தில் இப்படிப்பட்ட கடிதம் எழுதுகிற அம்மாக்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “எல்லாம் என் வளர்ப்பில் வந்த குறை” என்று எழுதுவார்கள். நான் எழுதப் போவதில்லை. ஆண்பிள்ளை நன்றாக வந்தால் அப்பா பேரைக் காப்பாற்றினான், கோணலாக வந்தால் அம்மா வளர்த்த லட்சணம். இந்தக் கணக்கை எவன் போட்டானோ, அதை அவனே வைத்துக்கொள்ளட்டும். நான் உனக்குச் சோறு வடிக்கச் சொல்லிக் கொடுத்தேன். சட்டைக்கு இஸ்திரி போடச் சொல்லிக் கொடுத்தேன். குளியலறையைத் தேய்க்க வைத்தேன், நீ மூஞ்சியைத் தூக்கிக்கொண்டே தேய்த்தாய். எல்லாம் உனக்குத் தெரியும். தெரிந்தவனுக்கு இது தன்னுடைய வேலை இல்லை என்று எப்படித் தோன்றியது? அதைத்தான் திங்கட்கிழமையிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

எனக்கு ஞாபகம் வந்தது ஈஷூனில் அத்தை வீட்டு விசேஷம். உனக்குப் பத்து வயது இருக்கும். சாப்பிட்டு முடித்து, நம் வீட்டில் செய்கிற மாதிரி உன் தட்டை நீயே எடுத்துக்கொண்டு கழுவுகிற இடத்துக்குப் போனாய். தீப்பிடித்துக்கொண்டது போல எழுந்தார்கள் அங்கே இருந்த பெண்கள். “ஐயையோ, ஆம்பளப் பிள்ளை தட்டைக் கழுவுதே!” “குடு கண்ணு, குடு, அத்தை கழுவறேன்.” “பாவம், இவ பிள்ளைய எப்படி வேலை வாங்கறா பாரு!” உன் கையிலிருந்து தட்டைப் பிடுங்கினார்கள், தலையைத் தடவினார்கள், ஒரு லட்டு கூடக் கொடுத்தார்கள். உன் வயதுதான் அத்தை மகள் ரேவதிக்கும். அவள் அதே குழாயடியில் பெரியவர்கள் தட்டை எல்லாம் கழுவிக்கொண்டு நின்றாள், பாவாடை முழுக்க நனைந்திருந்தது. அவளுக்கு லட்டு இல்லை. அவளை யாரும் பார்க்கக்கூட இல்லை. நீ லட்டைக் கடித்துக்கொண்டே அவளைப் பார்த்தாய், நான் உன்னைப் பார்த்தேன். நான் பல வருஷம் சொல்லிக் கொடுத்ததை ஒரு லட்டில் அழித்துவிட்டார்கள். அத்தை இதைப் படிக்கும்போது கோபப்படுவாள். படட்டும், அவள் நல்ல மனதோடுதான் செய்தாள், அதனால்தான் அது அவ்வளவு ஆழமாக இறங்கியது.

ஆணுக்கு ஒன்று பெண்ணுக்கு ஒன்று என்கிற இந்தச் சங்கதி எங்கே தொடங்கியது என்று படித்தவர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். நிலம் சொத்தானபோது வந்தது என்கிறார்கள், சாத்திரம் எழுதியவர்கள் கொண்டு வந்தது என்கிறார்கள். இருக்கலாம், நான் அங்கே இல்லை. நான் பார்த்தது அடுத்த நாளைக்கு அது எப்படி வந்து சேர்கிறது என்பதைத்தான். பழைய மாவில் ஒரு கரண்டி எடுத்துப் புது மாவில் கலந்து வைத்தால் காலையில் பொங்கி நிற்குமே, அப்படி. நீ புது மாவுதான். புளிப்பு எங்கள் எல்லோர் கையிலிருந்தும் வந்தது, அத்தை கையிலிருந்து, மல்லிகா வாயிலிருந்து, அப்பாவின் ரசத்திலிருந்து. இப்போது அந்தக் கரண்டி உன் கையில் இருக்கிறது. ரெண்டு வயதுப் பிள்ளை அதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறது.

“நேச்சர் மா, ராத்திரில பிள்ளைக்கு அம்மாதான் வேணும்” என்றும் ஒரு வரி சொன்னாய். நேச்சரா? தண்ணீர் பள்ளத்துக்கு ஓட யாரும் யாருக்கும் மெசேஜ் அனுப்ப வேண்டியதில்லை. இயற்கை என்றால் அது பாட்டுக்கு நடக்கும். இதைக் காப்பாற்ற மட்டும் ஏன் அத்தை ஓடி வர வேண்டும், பெரியப்பா பாராட்ட வேண்டும், நீ கதவைச் சாத்திக்கொண்டு என்னிடம் கெஞ்ச வேண்டும்? எங்கள் நகைக்கடைக்கு ஞாயிற்றுக்கிழமை வருகிற ஊர்ப் பையன்களைப் பார்த்திருக்கிறேன், துவாஸ் டார்மிட்டரியில் தங்கிக் கப்பல் பட்டறையில் வேலை செய்கிறவர்கள். கையில் தேக்கா மார்க்கெட்டில் வாங்கிய முருங்கைக்காயும் மீனும் இருக்கும். அப்படி ஒருவர் மகளுக்குத் தோடு எடுத்துக்கொண்டே சொன்னார், “இங்க நாங்கதான் அக்கா ஆக்கறோம், நாங்கதான் துவைக்கறோம். மீன் குழம்புல என்னை அடிச்சுக்க ஆள் இல்ல. ஊருக்குப் போயிட்டா தண்ணிகூட மொண்டு குடிக்கறதில்ல, அவளே கொண்டாந்து குடுத்துடுவா.” சொல்லிவிட்டுச் சிரித்தார். அவருக்கு அதில் சந்தோஷம்தான். நானும் அன்றைக்குச் சிரித்தேன். அப்புறம் யோசித்தால், இங்கே குழம்பு வைக்கிற கை விமானம் ஏறி இறங்கினதும் மறந்துபோகுமா? அந்தக் கைக்கு எல்லாம் தெரியும். ஊரில் இறங்கினதும் அது செய்யத் தேவையில்லை, அவ்வளவுதான்.

இன்னும் ஒன்று, இதைச் சொல்லும்போது எனக்கு உடம்பு கொதிக்கிறது. உன் அப்பா அதே துவாஸில், கப்பல் பட்டறையில், நீ கைக்குழந்தையாக இருந்ததிலிருந்து நைட் ஷிப்ட் போனார். கம்பெனி பஸ் வந்து நிற்கும், போய்விடுவார். “பிள்ளைக்கு ராத்திரில அப்பா வேணாமா?” என்று ஒரு ஜீவன் கேட்டதுண்டா? உன் பாட்டனார் யாருக்காவது போன் செய்து, என் மருமகனிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள், வேலையை விடச் சொல்லுங்கள் என்று கெஞ்சினாரா? நீ அப்பா எங்கே அப்பா எங்கே என்று அழுவாய். “அப்பா வேலைக்குப் போயிருக்காரு, காலைல வந்துடுவாரு” என்பேன். கொஞ்ச நேரம் தேம்புவாய், தூங்கிவிடுவாய். யாழினிக்கும் அதையே சொல்லலாம். ஒரு சொல்தான் மாற வேண்டும். அதைச் சொன்னால் வீடு இடிந்து விழுந்துவிடாது.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அப்பா வந்து எட்டிப் பார்த்தார். “என்னம்மா, பரீட்சை எழுதற மாதிரி எழுதிட்டே இருக்க?” என்றார். அந்தப் புதுக் கடை விஷயம் ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். “இருக்கு. நான் எப்ப வேணாம்னு சொன்னேன்? உன் இஷ்டம்னுதானே சொன்னேன்” என்றார். உண்மை, அப்படித்தான் சொன்னார். “கதிர் சொல்றதுலயும் ஒரு நியாயம் இருக்கு லா, சின்னப் பிள்ளை” என்று இழுத்தார்.

“நியாயம் இருந்தா நீங்க போய் ராத்திரில பாத்துக்கோங்க.”

“எனக்கு பிரஷர் இருக்கு மா.”

“எனக்கும்தான் இருக்கு.”

நான் தினமும் காலையில் போடுகிற மாத்திரையை அவர் இத்தனை வருஷம் பார்த்திருக்கிறார், அது எதற்கு என்று கேட்டதில்லை போலிருக்கிறது. அப்புறம் டிவி சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவரை வில்லனாக்கி உனக்குக் காட்ட எனக்கு விருப்பமில்லை. அவரை எனக்குப் பிடிக்கும், இன்றைக்கும் பிடிக்கும். கெட்டவர்கள் மட்டும் செய்திருந்தால் இது எப்போதோ ஒழிந்து போயிருக்கும். நல்லவர்கள் வசதியாக உட்கார்ந்திருப்பதால்தான் இன்னும் நிற்கிறது. அதனால்தான் உன்னோடு இவ்வளவு மல்லுக்கு நிற்கிறேன், நீயும் நல்லவன்.

புதன்கிழமை சாயங்காலம் தாரிணி என்னைப் பார்க்க வந்தாள், உனக்குச் சொன்னாளோ என்னவோ. லிட்டில் இந்தியாவில் எம்ஆர்டி ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தோம். துவாஸிலிருந்து நேராக வந்திருந்தாள், காலில் வேலைக்குப் போடுகிற கனத்த பூட்ஸ். தோசை வந்தது, அதைத் தொடவே இல்லை. “கதிர் உங்ககிட்ட பேசினாரா அத்தை?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். “என்ன சொன்னீங்க?” என்றாள். இன்னும் சொல்லவில்லை, தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன் என்றேன். “தமிழ்லயா! அவர் படிச்சு முடிக்கிறதுக்குள்ள ஃப்ரைடே போயிடும் அத்தை” என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்தக் கடைச் சத்தத்தில் யாரும் பார்க்கவில்லை.

அவள் செய்கிற வேலையை எனக்கு விவரித்திருக்கிறாள், உனக்கும் சொல்லியிருப்பாள். ஓர் அறையில் உட்கார்ந்துகொண்டு, திரையைப் பார்த்துக்கொண்டு, தூரத்தில் ஆளே இல்லாமல் நிற்கிற பெரிய பெரிய பாரந்தூக்கிகளை ஓட்டுகிறார்கள். இப்போது அந்த அறைக்கே அவளைப் பொறுப்பாளராக இருக்கக் கேட்கிறார்கள். “எனக்கு வேணும் அத்தை” என்றாள். “சம்பளத்துக்காக மட்டும் இல்ல. அந்த ரூம்ல என்ன நடந்தாலும் நான்தான் டிசைட் பண்ணணும்னு ஒரு இடம் வருதில்ல, அது எனக்கு வேணும். இத வாய் விட்டுச் சொல்லவே வெக்கமா இருக்கு. பாப்பா பேரைச் சொன்னதும் நான் என்னமோ ராட்சசி மாதிரி ஆயிடறேன்.” கதிர், வேண்டும் என்று சொல்ல ஒரு பெண் ஏன் வெட்கப்பட வேண்டும்? நீ இப்போது பார்க்கிற வேலை கிடைத்த அன்று வீடு முழுக்கக் குதித்தாயே, உனக்கு வெட்கமாகவா இருந்தது? அவள் உன்னிடமும் இதையே சொல்லியிருக்கிறாள். நீ கேட்டுக்கொண்டு, உன் இஷ்டம் என்றிருக்கிறாய். அந்தப் பதிலில் அவளுக்குக் கிடைத்தது ஒரு பெரிய தனிமை. எனக்கு அது தெரியும், அதில் நான் படுத்து எழுந்திருக்கிறேன்.

நான் அவளிடம் என்ன சொன்னேன் என்று கேட்பாய். “தோசையைச் சாப்பிடு, எடுத்துக்கோ அந்த வேலையை, யாருக்கும் காரணம் சொல்லிட்டு இருக்காதே” என்றேன். நீ என்னிடம் கேட்ட ஒரு வார்த்தைக்குப் பதிலாக மூன்றாகச் சொல்லிவிட்டேன்.

இனி நான் ஏன் உன் வீட்டுக்கு வந்து தங்க மாட்டேன் என்பது. யாழினியை நினைத்தால் எனக்குக் கை பரபரக்கிறது. அந்தப் பிள்ளையின் வியர்வை வாசனைக்கு நான் இங்கே கேலாங்கிலிருந்து உன் வீட்டுக்கு நடந்தே வருவேன். ஆனால் நான் பையைத் தூக்கிக்கொண்டு வந்து இறங்கினால் என்ன ஆகும்? தாரிணி நகர்ந்த இடத்தில் நான் போய் நிற்பேன். நான் முடியாமல் போனால் பணிப்பெண் வருவாள், தன் பிள்ளையை எங்கோ யாரிடமோ விட்டுவிட்டு. ஒரு பெண் வாசலைத் தாண்டினால் அந்த இடத்தில் இன்னொரு பெண், அவள் போனால் இன்னொருத்தி. நீ மட்டும் சோபாவில் அதே இடத்தில் உட்கார்ந்து ஹெல்ப் பண்ணிக்கொண்டே இருப்பாய். அதற்கு நான் உடந்தையாக மாட்டேன். உனக்கு வாரத்தில் பாதி நாள் வீட்டிலிருந்து வேலை, பகலுக்கு சைல்ட்கேர் இருக்கிறது. உன் மேலதிகாரியிடம் போய், என் மனைவிக்கு நைட் ஷிப்ட், நான் சீக்கிரம் கிளம்ப வேண்டும் என்று கேள். கேட்கக் கூச்சமாக இருக்கும். ஆண்பிள்ளை இதைக் கேட்கிறானே என்று யாராவது ஒரு மாதிரி பார்ப்பார்கள். அந்தப் பார்வையைப் பெண்கள் இத்தனை காலம் தின்று செரித்திருக்கிறார்கள், நீயும் கொஞ்சம் தின்னு. ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் அப்பாவும் விருந்தாளியாக வருவோம், நீ சமைத்ததைச் சாப்பிடுவோம். உப்புக் குறைந்தால் சொல்வேன். உன்னைத் தங்கம் என்றெல்லாம் சொல்ல மாட்டேன்.

குரூப்பில் இருக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. காலம் கெட்டுப்போச்சு என்று யாராவது எழுதப் போகிறீர்கள், எழுதுங்கள். மாமியாரே மருமகளைக் கெடுக்கிறாள் என்றும் எழுதுவீர்கள், சந்தோஷமாக எழுதுங்கள். ஆனால் தாரிணியை இனி ஒரு தடவை கொடுத்து வைத்தவள் என்று யாராவது எழுதினால், கீழேயே நான் கேட்பேன், எதைக் கொடுத்து, யாரிடம் வைத்தாள் என்று. பதில் வரும் வரை விட மாட்டேன், என் குணம் உங்களுக்குத் தெரியும்.

கதிர், வெள்ளிக்கிழமை அவள் சரி என்று சொல்லிவிடுவாள். அடுத்த மாதம் ஒரு சாயங்காலம், அந்தப் பூட்ஸை மாட்டிக்கொண்டு கம்பெனி பஸ் பிடிக்கக் கிளம்புவாள். கதவு சாத்தியதும் யாழினி அழுவாள், வாசலைப் பார்த்து அழுவாள், உன்னைத் தள்ளிவிட்டு அழுவாள். உனக்கு என்ன செய்வதென்று தெரியாது. பயமாக இருக்கும், எனக்கும் உன்னோடு அப்படித்தான் இருந்தது, எந்த அம்மாவும் தெரிந்துகொண்டு பிறப்பதில்லை. அப்போது உன் கை தானாகப் போனை எடுக்கும், என் நம்பரைத் தேடும். நான் எடுக்க மாட்டேன். மணி அடித்துக்கொண்டே இருக்கும், நான் இங்கே உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டே இருப்பேன், என் நெஞ்சு வெடித்தாலும் எடுக்க மாட்டேன்.

போனைக் கீழே வை. பிள்ளையைத் தூக்கு.

அம்மா